“டாக்டர் எழுதியிருக்கார்ங்க”: வார்டில் மருந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஆவணியில், மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டப் போன அப்பா வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. எங்கள் ஊர் கோபிக்குப் பக்கம். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, பதினோரு நாள் இருந்தோம். எலும்பு வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு ஆறு வருடமாக இருக்கும் பார்க்கின்சன் நோயின் மாத்திரை விஷயத்தில்தான் பட்டுத் தெளிந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரம்பரை (சொந்தக்காரர்கள்), பக்கத்துத் தோட்டத்தார், என்னோடு வேலை செய்கிறவர்கள் என்று ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். பதில்களை எழுதி வைத்தால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லையே என்றுதான் இது. நான் மருத்துவம் படித்தவள் இல்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

அப்படி என்னதான் நடந்தது?

பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு, உடம்பு அசைவதற்கு மூளையில் வேண்டிய டோபமின் என்ற பொருள் குறைந்துபோகிறது. அதை ஈடுகட்டத்தான் லெவோடோபா மாத்திரை. ஒரு வேளை மருந்து சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதனால் அப்பாவுக்குக் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று ஐந்து வேளை. அரை மணி தள்ளிப்போனாலே சட்டைப் பொத்தான் போட முடியாது அவருக்கு.

மருத்துவமனையில் சேர்த்ததும் மாத்திரைப் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், “நாங்களே குடுத்துருவோம்” என்று. கொடுக்கவும் செய்தார்கள், ஆனால் மூன்று வேளை. அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம். இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும், பருப்பு, முட்டை, பால் போன்ற புரதம் அதை உடம்பில் சேரவிடாது என்று நரம்பு டாக்டர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். ஆபரேஷன் அன்று வெறும் வயிறு என்று சொல்லி அதையும் நிறுத்தினார்கள். ஆபரேஷன் முடிந்து வாந்தி வந்தது. அதற்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டார்கள். வாந்திக்கு எல்லா இடத்திலும் போடும் சாதாரண ஊசிதான். ஆனால் அது மூளைக்குள் போய் டோபமினைத் தடுக்கும். பார்க்கின்சன் உள்ளவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

மறுநாள் விடியும்போது அப்பாவுக்குத் தாடை இறுகிவிட்டது. எச்சிலை விழுங்க முடியவில்லை. உடம்பு பலகை போல ஆகிவிட்டது. “வயசாச்சுங்க, மயக்க மருந்து தெளிய நேரமாகும்” என்றார்கள். பத்து மணிக்கு ஒரு இளம் டூட்டி டாக்டர் வந்தார். அவர் நின்று கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் நரம்பு டாக்டரிடம் போனில் பேசினார். அந்த ஊசியை நிறுத்தி, வாந்திக்கு டோம்பெரிடோன் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார். ஐந்து வேளை மாத்திரையைப் பழைய நேரத்துக்கே கொண்டுவந்தார். இரண்டு நாளில் அப்பா பேசினார்.

நீங்கள் முன்னாடியே சொல்லவில்லையா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. கேட்கும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

சொன்னேன். டைரியில் எழுதி எண்ணிப் பார்த்தேன்: மூன்று நாளில் ஒன்பது தடவை, ஆறு பேரிடம். அட்மிஷன் மேசையில், மூன்று சிஸ்டர்களிடம், மயக்க மருந்து டாக்டரிடம், பெரிய டாக்டருடன் ரவுண்ட்ஸ் வந்த பி.ஜி. மாணவரிடம். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரும் முறைக்கவில்லை, விரட்டவில்லை. “சரிங்க மேடம், பார்த்துக்கறோம்.” அதற்கு அப்புறம், “டாக்டர் எழுதியிருக்கார்ங்க.”

பின்னால் கேஸ் ஷீட் நகல் வாங்கிப் படித்தேன். நான் சொன்ன ஒன்பதில் ஒன்றுகூட அதில் இல்லை. என்னைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: உறவினர் பதற்றமாக உள்ளார், ஆறுதல் கூறப்பட்டது.

அந்த வரியைப் படித்த அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கியது. சிஸ்டரிடம் நான் சொன்னது அவருடைய காதோடு நின்றுவிட்டது. எட்டு மணிக்கு அவர் டூட்டி முடிந்து போனார், நான் சொன்னதும் அவரோடு போய்விட்டது. அடுத்து வந்தவர் பார்த்தது சார்ட்டை. சார்ட்டில் மூன்று வேளை. அவர்மேல் என்ன தப்பு?

அப்படியானால் யாரிடம் சொல்ல வேண்டும்?

மருந்தை மாற்றி எழுத டாக்டரால் மட்டும்தான் முடியும். சிஸ்டர் எழுதியபடி கொடுப்பவர். அவரிடம் சண்டை போட்டுப் பலனில்லை, அவர் வேலைதான் போகும். ஆனால் டாக்டரை வரவழைக்க அவரால் முடியும். அதனால் அவரிடம் “மாத்திரையை மாத்துங்க” என்று கேட்காமல், “டூட்டி டாக்டரைக் கூப்பிடுங்க சிஸ்டர். நான் சொன்னதை நோட்ஸில் எழுதிருங்க” என்று கேளுங்கள். இந்த இரண்டாவது வாக்கியம் முக்கியம். எழுதச் சொன்னதும் முகம் மாறும். அது கோபமில்லை, எழுதினால் அதற்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

டூட்டி டாக்டரிடமும் நகரவில்லை என்றால் நர்சிங் சூப்பிரண்டு. அவருக்கும் மேலே மருத்துவக் கண்காணிப்பாளர். பெரிய மருத்துவமனைகளில் கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்று ஒருவர் இருப்பார், சார்ட்டில் உள்ள மருந்துகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. எனக்கும் எட்டாம் நாள்தான் தெரிந்தது. மக்கள் தொடர்பு அலுவலரான பி.ஆர்.ஓ.விடம் போய்விடாதீர்கள். காபி கொடுப்பார், பில்லைப் பற்றிப் பேசுவார்.

எந்த நேரத்தில் சொன்னால் காதில் ஏறும்?

டூட்டி மாறும் நேரத்தில் வேண்டாம் என்பார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். ஒரு சிஸ்டர் இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “இதையும் சேர்த்துச் சொல்லிருங்க சிஸ்டர்” என்றால் இருவர் காதிலும் விழும். நீளமாகப் பேசக் கூடாது, ஒரே வரி.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் ஒரு கட்டிலுக்கு ஒதுக்குவது இரண்டு மூன்று நிமிடம். அதில் விழுந்த கதை, வாய்க்கால் கதை எல்லாம் சொன்னால் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். மருந்துதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும்.

டாக்டரைக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு ஆகாதா?

நம் பக்கத்தில் எருமை மாட்டுக்குக்கூட “ங்க” போட்டுப் பேசுவோம் என்று கேலி செய்வார்கள். அந்த “ங்க” இருக்கும்வரை எதையும் கேட்கலாம் என்பது என் கட்சி. நம் சிக்கல் வேறு: மரியாதை என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நினைத்துவிடுகிறோம். அண்ணன் அப்படித்தான். “அவிய படிச்சவிய, நாம என்னத்தச் சொல்றது” என்று வராண்டாவில் உட்கார்ந்துவிட்டான். அதே அண்ணன் உரக்கடையில் மருந்து டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்து, ஏக்கருக்கு எத்தனை மில்லி என்று நாலு கேள்வி கேட்டுத்தான் வாங்குவான்.

கேட்பது உரிமை என்று எழுத்திலேயே இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018-இல் வெளிவந்த நோயாளி உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள். தன் சிகிச்சையைத் தெரிந்துகொள்வது, ஆவணங்களைப் பெறுவது, இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பது எல்லாம் அதில் உண்டு. பதினேழாவது, குறையைச் சொல்லவும் அதற்குத் தீர்வு பெறவும் உள்ள உரிமை. உலக சுகாதார நிறுவனமும் மருந்துத் தவறுகளால் வரும் பெருந்தீங்கை ஐந்து வருடத்தில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2017-இல் ஓர் இயக்கத்தையே தொடங்கியது. அதில் நோயாளியைக் கேட்கச் சொல்கிறார்கள்: இது எதற்கு, எப்படிப் போடுவது, எப்போது நிறுத்துவது என்று.

என்ன வார்த்தையில் கேட்பது? எனக்கு அழுகை வந்துவிடுகிறது.

எனக்கும் வந்தது. அழுதால் பதற்றக்காரி என்று எழுதிவிடுகிறார்கள், அதுவும் நடந்தது.

எனக்குக் கைகொடுத்த ஒரு கேள்வி இதுதான்: “டாக்டர், வீட்டில் 5 வேளை போட்டோம். இங்கே 3 வேளை இருக்கு. நீங்க தெரிஞ்சு குறைச்சதுங்களா, இல்லை விட்டுப்போச்சுங்களா?” தெரிந்தே குறைத்திருந்தால் காரணம் சொல்வார். அது நியாயமாகக்கூட இருக்கும்: சிறுநீரகம் சரியில்லாதபோது சர்க்கரை மாத்திரையை நிறுத்துவார்கள், ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்துவார்கள். விட்டுப்போயிருந்தால், தான் தப்புச் செய்ததாக ஒத்துக்கொள்ளாமலே திருத்திக்கொள்ள அவருக்கு வழி கிடைக்கிறது. அந்த இளம் டாக்டரிடம் இதைத்தான் கேட்டேன். அவர் சார்ட்டைப் புரட்டிவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை.

இன்னொன்று, ஊரே சேர்ந்து பேசக் கூடாது. அப்பாவைப் பார்க்க வந்த ஒரம்பரையில் மாமா ஒன்று சொல்வார், அத்தை ஒன்று சொல்வார், சித்தப்பா தனக்குத் தெரிந்த சித்த வைத்தியரைப் பற்றி டாக்டரிடமே சொல்வார். வீட்டில் ஒருவர் மட்டும் பேசுவது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். தினமும் அட்டெண்டர் மாறினாலும் பேசும் ஆள் மாறக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

மாத்திரை அட்டைகளை அப்படியே. “வெள்ளை மாத்திரை, பாதி உடைச்சுப் போடுவார்” என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது. கூடவே ஒரு தாள்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, எதற்காக. இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்றைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். ஒட்டக் கூடாது என்பார்கள், ஒட்டுங்கள்.

சில மருந்துகளைச் சத்தமாகவே சொல்ல வேண்டும். பார்க்கின்சன், வலிப்பு மாத்திரைகளை நேரம் தவறவிடக் கூடாது. பல நாள் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை இன்னொரு வகை. எல்லாவற்றையும்விட மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போடுவார்கள். சார்ட்டில் தினமும் என்று ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கிழமையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஒவ்வாமையும் அப்படித்தான். “ஊசி ஒத்துக்காது” என்றால் எந்த ஊசி, என்ன ஆனது, தடிப்பா மூச்சுத்திணறலா என்று சொல்ல வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் ஆக்மென்டின் என்ற பெயரைப் பார்த்தால் அது வேறு மருந்து என்று நினைப்பார். அதற்குள் இருக்கும் அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பம்தான்.

நாட்டு மருந்தை மறைக்காதீர்கள். திட்டுவார்கள்தான். ஆனால் அதிமதுரத்தைத் தினமும் நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். அது தெரியாமல் டாக்டர் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஊசி போட வரும்போது என்ன கேட்கலாம்?

“இது என்ன மருந்துங்க சிஸ்டர், எதுக்குங்க?” போதும். சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் சரிபார்க்க அவர்களுக்குப் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். நாம் கேட்பதால் அது இன்னொரு தடவை நடக்கிறது. பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், கட்டில் நம்பரைச் சொல்லி அல்ல. எங்கள் வார்டில் மட்டும் மூன்று பழனிசாமிகள் இருந்தார்கள், கொங்கு நாட்டில் வேறெப்படி இருக்கும்? அதனால் கையில் கட்டியிருக்கும் பட்டையில் உள்ள எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100 யூனிட். சிரிஞ்சும் தனித்தனி: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

சந்தேகமாக இருக்கும் ஊசியை வேண்டாம் என்று சொல்லலாமா?

நினைவோடு இருக்கும் நோயாளி தனக்குச் செய்வதை மறுக்கலாம். ஆனால் “வேண்டாம்” என்பதைவிட “டாக்டர் ஒருதரம் பார்த்துச் சொல்றவரை நிறுத்தி வைங்க” என்பது நல்லது. அவசர சிகிச்சை நடக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். அங்கே நிமிடம்தான் கணக்கு.

அவர்கள் காதிலேயே வாங்கவில்லை என்றால் வீட்டு மாத்திரையை நாமே கொடுத்துவிடலாமா?

நான் கொடுத்தேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கு, போர்வைக்குள் கைவிட்டு ஒரு மாத்திரை. சிஸ்டர் ஒன்பது மணிக்கே ஒன்று கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது, நான் அப்போது கேன்டீனில் இருந்தேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருந்தால், அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரிந்திருக்காது, சார்ட்டில் அந்த மாத்திரையே இல்லையே. லெவோடோபாவுக்குப் பதில் அது ரத்த அழுத்த மாத்திரையாகவோ சர்க்கரை மாத்திரையாகவோ இருந்திருந்தால்?

கொடுக்காதீர்கள். சில மருத்துவமனைகளில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் வீட்டு மாத்திரையை நம் கையாலேயே நேரத்துக்குக் கொடுக்க விடுவார்கள். கடைசி ஐந்து நாள் எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு வேளைக்கும் சிஸ்டர் வந்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்குப் பட்டினி போடும்போதும் பார்க்கின்சன் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் கொடுக்கலாமா என்று மயக்க மருந்து டாக்டரைத் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். நான் அவரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லத்தான் செய்தேன், இப்படிக் கேள்வியாகக் கேட்கவில்லை.

அரசு மருத்துவமனையில் இதெல்லாம் நடக்குமா?

அங்கே சிஸ்டர் ஒருவருக்கு எத்தனை கட்டில் என்று பார்த்தாலே நமக்குக் கேட்க மனசு வராது. ஆனாலும் கேட்கலாம். அங்கே ஆர்.எம்.ஓ., அதாவது நிலைய மருத்துவ அலுவலரைப் போய்ப் பாருங்கள். 104-க்குப் போன் செய்தும் குறையைப் பதியலாம்.

கேஸ் ஷீட்டின் நகல் தருவார்களா?

தர வேண்டும். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். ஜெராக்ஸ் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, “மருந்து சார்ட்டும் நர்சிங் நோட்ஸும் சேர்த்து” என்று எழுதுங்கள். எங்களுக்கு முதலில் சம்மரியை மட்டும் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று எதைப் பார்க்க வேண்டும்?

பில் கட்டும் அவசரத்தில் எல்லாம் விட்டுப்போகும் நாள் அது. பழைய அட்டைகளையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். அப்பாவின் சீட்டில் புது வயிற்றுப்புண் மாத்திரை ஒன்று இருந்தது. வீட்டிலும் அதே மருந்து வேறு பெயரில் இருந்தது. பார்க்காவிட்டால் இரண்டையும் போட்டிருப்போம்.

மருந்தால் பாதிப்பு வந்தால் எங்கே சொல்வது?

இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இலிருந்து நடக்கிறது. நோயாளிகளே நிரப்பித் தரும் படிவம் தமிழிலும் உண்டு. கட்டணமில்லா எண் 1800-180-3024. இது யாரையும் தண்டிக்க அல்ல, எந்த மருந்து யாருக்கு என்ன செய்கிறது என்று சேர்த்துப் பார்க்க. அப்பாவுக்கு நடந்ததை நானும் பதிந்தேன்.

வழக்குப் போடலாமே?

அண்ணன் இப்போது இதைத்தான் சொல்கிறான், அன்றைக்கு வராண்டாவில் உட்கார்ந்திருந்தவன். போடலாம். 1995-இல் உச்ச நீதிமன்றம், பணம் கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்புச் சொன்னது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். டாக்டரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. மருத்துவமனை பற்றியது மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்துக்கு.

நாங்கள் போகவில்லை. எனக்கு வேண்டியது பணமில்லை. அந்த வார்டில் அடுத்து வரும் பார்க்கின்சன் நோயாளிக்கு அந்த ஊசி போகக் கூடாது. அதனால் மருத்துவக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதினேன்: தேதி, நேரம், யாரிடம் என்ன சொன்னேன், சார்ட்டில் என்ன இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். திட்டு ஒன்றுகூட இல்லை. அம்மாவுக்கு அதில்தான் வருத்தம்.

கடிதத்துக்குப் பதில் வந்ததா?

பத்தொன்பதாம் நாள் வந்தது. தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குறைவுக்கு வருந்துகிறோம், நேரம் தவறக் கூடாத மாத்திரைகளுக்குச் சார்ட்டில் தனிக் கட்டம் போட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊசியை மட்டும் கேட்டு இரண்டாவது கடிதம், நான்கு வரி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.